சொல்லாமற் குறைத்த தொலைவு

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது உலகத்தார் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட வழக்கு. மாட்டுவண்டியை வாங்கியவன் அதன் அச்சையும் ஆரக்காலையும் சேர்த்தே வாங்கினான். மிதிவண்டியை வாங்கியவன் அதன் மணியையும் தன்னுடையது என்றே எண்ணினான். விற்றவன் பணத்தை எண்ணிப் பெட்டியில் இட்டதோடு அவனுக்கும் அந்தப் பொருளுக்கும் இருந்த உறவு முடிந்தது. பின்னர் வண்டி தேய்ந்தால் அது காலத்தின் வேலை. உடைந்தால் அது பாதையின் வேலை. விற்றவன் நள்ளிரவில் வந்து சக்கரத்தைச் சிறிது செதுக்கிவிட்டுப் போனான் என்று எவரும் ஐயுற்றதில்லை.

இந்த நூற்றாண்டின் மின்சார மகிழுந்து அந்த வழக்கை மாற்றிவிட்டது. அது நிற்பது வாங்கியவரின் வீட்டு வாசலில். ஆயினும் அதனைச் செய்த நிறுவனத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் இழையால் அது கட்டுண்டே நிற்கிறது. வண்டியின் மூளையாக இயங்கும் மென்பொருளை நிறுவனம் தொலைவிலிருந்தே திருத்தி அனுப்புகிறது. உரிமையாளர் உறங்கும் வேளையில் அத்திருத்தம் வந்து சேர்கிறது. காலையில் அவர் ஏறி அமரும் வண்டி, முன்னிரவில் அவர் பூட்டிவிட்டுச் சென்ற அதே வண்டி அன்று. பெரும்பாலும் அது முன்னிலும் நல்ல வண்டியாகவே இருக்கும். சில வேளைகளில் அவ்வாறு இருப்பதில்லை. அத்தகைய ஒரு வேளையில் எழுந்த வழக்கு, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதை உலகுக்குக் காட்டிற்று.

நன்மையை முதலில் சொல்லுதல் முறை. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் நுகர்வோர் இதழ், டெஸ்லா நிறுவனத்தின் 'மாடல் 3' வண்டியைச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது தடையை அழுத்தினால், வண்டி நிற்பதற்கு 152 அடி தேவைப்பட்டது. இது மிகுதி என்று இதழ் குறை கூறியது. சில நாள்களில் நிறுவனம் புதிய மென்பொருளை அனுப்பியது. அதே வண்டி 133 அடியில் நின்றது. எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. எந்தத் திருகும் முடுக்கப்படவில்லை. ஆயினும் வண்டியின் குணம் மாறிற்று. ஓர் உயிரைக் காப்பதற்கு அந்தப் பத்தொன்பது அடி போதும் அன்றோ?

அதற்கு முன்னரே, 2017ஆம் ஆண்டு செப்டம்பரில், 'இர்மா' என்னும் பெருஞ்சூறாவளி புளோரிடா மாநிலத்தை நெருங்கியது. மக்கள் ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் அங்கிருந்த சில டெஸ்லா வண்டிகள் திடீரென்று கூடுதலாக முப்பது மைலுக்கு மேல் ஓடும் ஆற்றலைப் பெற்றன. மாயம் ஒன்றுமில்லை. 60 கிலோவாட் மணி என்று குறைந்த விலைக்கு விற்கப்பட்ட வண்டிகள் சிலவற்றில் உண்மையாக இருந்தது 75 கிலோவாட் மணி மின்கலத் தொகுதி. எஞ்சிய பகுதியை மென்பொருள் பூட்டி வைத்திருந்தது. இடர் வந்தபோது நிறுவனம் அந்தப் பூட்டைச் சில நாள்களுக்குத் திறந்துவிட்டது. ஊரார் பாராட்டினர், பாராட்டத்தக்க செயலே. ஆனால் எண்ணிப் பார்த்தவர்கள் மற்றொன்றையும் உணர்ந்தனர். தொலைவிலிருந்து திறக்க வல்ல கை, தொலைவிலிருந்து பூட்டவும் வல்லது.

அந்த உணர்வு மெய்யாவதற்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

2019ஆம் ஆண்டு ஏப்ரலில் ஷாங்காய் நகரில், வாகன நிறுத்துமிடம் ஒன்றில் நின்றுகொண்டிருந்த 'மாடல் எஸ்' வண்டி தானே தீப்பற்றி எரிந்தது. அடுத்த மாதம் ஹாங்காங்கிலும் அதே வகை வண்டி ஒன்று நின்ற இடத்திலேயே எரிந்தது. அந்த மே மாதத்தில் டெஸ்லா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. முன்னெச்சரிக்கையாக 'மாடல் எஸ்', 'மாடல் எக்ஸ்' வண்டிகளின் மின்னேற்ற முறையையும் வெப்பக் கட்டுப்பாட்டையும் மென்பொருள் வழியாக மாற்றி அமைப்பதாகவும், இது மின்கலத்தைக் காப்பதற்கும் அதன் ஆயுளை நீட்டிப்பதற்குமே என்றும் அது கூறிற்று. எத்தனை விழுக்காடு தொலைவு குறையும், யாருடைய வண்டிக்குக் குறையும், எத்தனை காலத்துக்குக் குறையும் என்பவற்றை ஒவ்வோர் உரிமையாளரிடமும் தனித்தனியே எடுத்துரைத்தார் இலர்.

சொல்லாததை வண்டியின் திரை சொல்லிற்று. பழைய 'மாடல் எஸ்' வண்டிகள் சிலவற்றின் உரிமையாளர்கள், வழக்கம்போல் முழுமையாக மின்னேற்றிய பிறகும் முன்பு கண்ட எண்ணைக் காணவில்லை. மின்னேற்ற நிலையத்தில் காத்திருக்கும் நேரமும் கூடிற்று என்றனர் பலர். 2012ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த 85 கிலோவாட் மணி 'மாடல் எஸ்' வண்டிக்கு அமெரிக்க அரசு குறித்த தொலைவு 265 மைல். அஃதாவது ஏறத்தாழ 426 கிலோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 42 கிலோமீட்டர் போயிற்று என்பது கணக்கு.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பெரிதா என்று கேட்கலாம். நாள்தோறும் அலுவலகத்துக்கு இருபது கிலோமீட்டர் போய்த் திரும்புபவருக்கு அது பொருட்டன்று. ஆனால் ஒருவர் வண்டி வாங்கும்போது தம் வாழ்க்கையின் மிக நெடிய பயணத்தை மனத்தில் கொண்டே வாங்குகிறார். இடைவழியில் நிறுத்தாமல் முதிய தாயின் ஊரை எட்ட முடியுமா, குளிர்காலத்தில் வெப்பமூட்டியும் ஓடினால் கரை சேருமா என்றெல்லாம் எண்ணியே கூடுதல் விலை கொடுத்துப் பெரிய மின்கலத்தைத் தேர்ந்தெடுக்கிறார். குளிர் மிகுந்த நாட்டில் மின்கலத்தின் வலிமை இயல்பாகவே குன்றும். அதற்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த இருப்பே இந்த நாற்பது கிலோமீட்டர். அது இருக்கும்போது எவரும் அதனை நினைப்பதில்லை. இல்லாதபோது அதைத் தவிர வேறொன்றையும் நினைப்பதில்லை. வண்டியைப் பிறருக்கு விற்க நினைத்தாலும், வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இவ்வழக்கின் உட்பொருளை அறிய வேண்டுமாயின் மின்கலத்துக்குள் சற்றே எட்டிப் பார்த்தல் வேண்டும். 85 கிலோவாட் மணித் தொகுதியில் 7,000-க்கும் மேற்பட்ட சிறு கலங்கள் வண்டியின் அடித்தளத்தில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவினது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, மறுமுனையிலுள்ள கரியின் அடுக்குகளுக்குள் சென்று தங்குகின்றன. வண்டி ஓடும்போது அவை புறப்பட்ட இடத்துக்கே மீள்கின்றன. இந்தப் போக்குவரவே வண்டியின் உயிர்மூச்சு. இம்முறையை வளர்த்தெடுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டதும் அதே 2019ஆம் ஆண்டில்தான். ஒரே ஆண்டில் அந்த மின்கலம் உலகின் உயர்ந்த மேடையிலும் ஏறிற்று. நீதிமன்றத்தின் படியிலும் ஏறிற்று.

போய்வரும் அயனிகளுள் ஒரு சில, ஒவ்வொரு முறையும் வழியில் சிக்கிக்கொள்கின்றன. ஆதலால் எந்த மின்கலமும் ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகத் தளரவே செய்யும். மனிதனுக்கு நரை வருவதுபோல் இது இயற்கை. இதற்காக எவரும் நீதிமன்றம் ஏறார். வாங்கும்போது கையொப்பமிட்ட உறுதிமொழித் தாளிலும் இயல்பான தேய்வுக்குப் பொறுப்பில்லை என்று நிறுவனம் எழுதித்தான் இருந்தது.

ஆனால் மின்கலத்தைத் துன்புறுத்துபவை வேறு சில உண்டு. முழுமையாக ஏற்றப்பட்ட கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட். அந்த உச்சியில் நெடுநேரம் நிறுத்தினாலும், மிகுந்த வெப்பத்தில் வைத்தாலும் கலம் விரைவில் தளரும். குளிரில் விரைந்து ஏற்றினால், லித்தியம் கரியின் அடுக்குக்குள் நுழைய நேரமின்றி அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். அப்படிவு ஊசிபோல் வளர்ந்து தடுப்பைத் துளைக்குமாயின் உள்ளேயே மின்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றவும் கூடும். ஆகவே மேல் எல்லையைச் சற்றே தாழ்த்துவது அறிவுடைய செயல். வாளியின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு கோடு கிழித்து, இதற்கு மேல் நீர் ஊற்றாதே என்று சொல்வது போன்றது அது. வாளி நெடுநாள் உழைக்கும், நீர் சிந்தாது. ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நீர் குறைவு. உச்சி மின்னழுத்தத்தை ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு தாழ்த்தினால், கொள்ளளவிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும்.

ஈண்டு ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய்த் தொட்டிக்குள் கோலை விட்டு அளப்பதுபோல் மின்கலத்துக்குள் எதையும் விட்டு அளக்க முடியாது. உள்ளே எவ்வளவு ஆற்றல் உள்ளது என்பதை மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு மென்பொருள் கணித்தே சொல்கிறது. திரையில் தோன்றும் கிலோமீட்டர் எண் ஓர் அளவன்று; ஒரு மதிப்பீடு. நாள்தோறும் பாதியளவே ஏற்றி ஓட்டுபவரின் வண்டியில் அந்த மதிப்பீடு மெல்லப் பிசகும். கணிக்கும் முறையைப் புதுப்பிப்பு திருத்தினாலும் எண் மாறும், மின்கலம் மாறியிராது. ஆக, எண் குறைந்ததற்குக் காரணங்கள் மூன்று இருக்கலாம். ஒன்று, கலம் உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம். மற்றொன்று, கணக்கு மட்டும் மாறியிருக்கலாம். மூன்றாவது, நிறுவனமே எல்லையைத் தாழ்த்தியிருக்கலாம். திரையைப் பார்க்கும் உரிமையாளருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றுள் எது உண்மை என்பதை ஐயமின்றி அறிந்தவர் ஒருவரே. அவர் அந்த மென்பொருளை எழுதி அனுப்பியவர்.

அறிந்தவர் ஒருவராகவும் அறியாதவர் ஆயிரவராகவும் இருக்குமிடத்தில், சொல்லுதல் ஒரு நற்பண்பு மட்டும் அன்று, அது கடமையாகிறது. இவ்வழக்கின் மையம் இதுவே.

2019 ஆகஸ்டில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் உரிமையாளர்கள் சார்பாக வழக்குத் தொடுக்கப்பட்டது. பழுதுற்ற மின்கலங்களை உறுதிமொழிப்படி மாற்றிக் கொடுக்கும் செலவைத் தவிர்ப்பதற்காகவே நிறுவனம் எல்லையைத் தாழ்த்தியது என்பது வழக்காளரின் குற்றச்சாட்டு. தீயைத் தடுக்கும் முன்னெச்சரிக்கை என்பது நிறுவனத்தின் நிலை. நீதிபதி இருவருள் யார் சொல் மெய் என்று தீர்ப்புக் கூறும் நிலைக்கு வழக்கு செல்லவில்லை. 2021 ஜூலையில் 15 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு இருசாராரும் இணங்கினர். அந்த இணக்க ஆவணத்தில்தான் உண்மைக் கணக்கு வெளிப்பட்டது. பாதிக்கப்பட்ட வண்டிகள் 1,743. அவற்றின் உச்சி மின்னழுத்தம் முதல் மூன்று திங்களுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடும், அடுத்த ஏழு திங்களுக்கு 7 விழுக்காடும் குறைக்கப்பட்டிருந்தது. 2020 மார்ச்சில் வந்த புதுப்பிப்பே அதனை மீட்கத் தொடங்கியது. 1,552 வண்டிகளுக்கு முழு மின்னழுத்தமும் திரும்பிற்று. 57 வண்டிகளுக்கு மின்கலமே மாற்றித் தரப்பட்டது. உரிமையாளர் ஒருவருக்குக் கிடைத்த தொகை 625 வெள்ளி.

தொகையை நோக்கியவர்கள் பலர். ஆனால் அந்த இணக்கத்தில் தொகையினும் மதிப்புள்ள ஒரு விதி இருந்தது. உறுதிமொழிக் காலத்திலுள்ள வண்டிகளில் மின்கலத்துக்குப் பழுதுபார்ப்பு தேவைப்படலாம் என்று நிறுவனம் கண்டறிந்தால், அதனை உரிமையாளருக்கு அறிவிக்கும் மென்பொருளை அது தொடர்ந்து வைத்திருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. இரண்டு ஆண்டு வழக்காடிப் பெற்றது என்ன? 'இனிமேல் சொல்லுங்கள்' என்னும் ஒரு சொல்லைப் பெற்றனர். முதல் நாளே சொல்லியிருந்தால் வழக்கே எழாமற் போயிருக்கலாம்.

மின்சார மகிழுந்தை மிகுதியாக ஏற்றுக்கொண்ட நார்வே நாட்டிலும் இதே முறையீடு எழுந்தது. அங்குள்ள இணக்க மன்றம் ஒன்று 2021ஆம் ஆண்டில், முறையிட்ட உரிமையாளர்களுக்குத் தலைக்கு 136,000 குரோனர் வரை இழப்பீடு தரும்படி கூறியது. அமெரிக்காவிலோ தீப்பற்றும் குறையை மறைக்கவே புதுப்பிப்பு அனுப்பப்பட்டது என்று சாலைப் பாதுகாப்பு ஆணையத்திடம் கொடுக்கப்பட்ட மனு, 2021 அக்டோபரில் ஏற்கப்படாமல் முடிந்தது. ஒரே செயல் ஓரிடத்தில் இழப்பீட்டுக்கு உரியதாயிற்று. மற்றோரிடத்தில் விசாரணைக்கும் உரியதாகவில்லை. சட்டங்கள் இன்னும் இந்தப் புதிய வண்டியை எட்டிப் பிடிக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதே தொல்லை மற்றொரு நிறுவனத்துக்கும் நேர்ந்தது. அது நடந்துகொண்ட முறையை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 'ஷெவர்லே போல்ட்' வண்டிகள் சில தீப்பற்றின. 2020 நவம்பரில் அந்நிறுவனம் 68,677 வண்டிகளை முறைப்படி திரும்ப அழைத்தது. மின்னேற்றத்தை 90 விழுக்காட்டோடு நிறுத்தும் மென்பொருளை அவற்றில் பதித்தது. அதுவும் தொலைவைக் குறைத்ததுதான். ஏறத்தாழ அதே பத்தில் ஒரு பங்கு. ஆனால் காரணம் இன்னது, குறைப்பு இவ்வளவு, இது தற்காலிக ஏற்பாடு என்று வெளிப்படையாக அறிவித்த பிறகே குறைத்தது. 2021ஆம் ஆண்டில் கலங்களின் உற்பத்தியில் இரண்டு குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று கிழிந்த முனை. மற்றொன்று மடிந்த தடுப்புத்தாள். அனைத்துப் 'போல்ட்' வண்டிகளும் திரும்ப அழைக்கப்பட்டன. வீட்டுக்குள் நிறுத்தாதீர், இரவில் ஏற்றிவிட்டு உறங்காதீர் என்றெல்லாம் எச்சரிக்கப்பட்டது. உரிமையாளர்கள் இதை மகிழ்ந்து ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. வழக்குகள் இங்கும் எழுந்தன. 2024ஆம் ஆண்டில் 15 கோடி வெள்ளிக்கு இணக்கமும் ஏற்பட்டது. ஆயினும் 'என் வண்டிக்கு என்ன நேர்ந்தது?' என்று தெரியாமல் இரவெல்லாம் எண்களை எழுதிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் நிலை அவர்களுக்கு வரவில்லை.

தென்கொரியாவில் நிகழ்ந்தது இன்னொரு பாடம். 'ஹூண்டாய் கோனா' மின்வண்டிகள் பல தீப்பற்றவே, 2020 அக்டோபரில் அவை திரும்ப அழைக்கப்பட்டு மென்பொருள் மாற்றப்பட்டது. 2021 ஜனவரியில் அவ்வாறு மாற்றப்பட்ட வண்டி ஒன்றே மீண்டும் தீப்பற்றியது. அடுத்த மாதமே ஏறத்தாழ 82,000 வண்டிகளின் மின்கலங்களை மாற்றித் தர நிறுவனம் முன்வந்தது. பொருளில் உள்ள குறையை எழுத்தால் மட்டும் மறைத்துவிட முடியாது என்பதற்கு இது சான்று.

ஆசிரியர் ஒருவர் விடைத்தாளை மறுமுறை திருத்தும்போது மதிப்பெண்ணைக் குறைக்க நேரலாம். காரணத்தை ஓரத்தில் எழுதித் தந்தால் மாணவன் வருந்துவான், ஆனால் ஏற்றுக்கொள்வான். ஒன்றும் எழுதாமல் எண்ணை மட்டும் அடித்து மாற்றினால், அந்த ஒரு தாளோடு ஐயம் நிற்பதில்லை. அதுவரை திருத்திய தாள்கள் அனைத்தின்மீதும் படரும். வண்டியிலும் அதுவே நிகழ்ந்தது. தொலைவு குறைந்ததைக் கண்ட உரிமையாளர்கள் சிலர் ஒரு முடிவுக்கு வந்தனர். இனி எந்தப் புதுப்பிப்பையும் ஏற்பதில்லை. வண்டியை இணையத்தோடு இணைப்பதில்லை. திரையில் வரும் அழைப்பை நாள்தோறும் ஒதுக்கித் தள்ளினர்.

அவர்கள்மீது குற்றம் காண்பது எளிது. ஆனால் அதன் விளைவை எண்ணுக. புதுப்பிப்பை மறுப்பவர், தொலைவைக் குறைக்கும் திருத்தத்தை மட்டுமா மறுக்கிறார்? நிற்கும் தூரத்தில் பத்தொன்பது அடி குறைக்கும் திருத்தத்தையும் மறுக்கிறார். தீயைத் தடுக்கும் திருத்தத்தையும் மறுக்கிறார். உயிரைக் காக்கும் பொருட்டுச் செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரு செயல், சொல்லாமற் செய்யப்பட்ட காரணத்தால், உயிரைக் காக்கும் வழியையே அடைத்துவிட்டது. நாற்பது கிலோமீட்டர் இழப்பினும் பெரிய இழப்பு இது. போன மின்னழுத்தத்தை ஒரு புதுப்பிப்பால் மீட்க முடிந்தது. போன நம்பிக்கையை மீட்கும் மென்பொருளை எவரும் இன்னும் எழுதவில்லை.

கையடக்கத் தொலைபேசியின் வரலாறும் இதையே காட்டுகிறது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று, மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. தொலைபேசி திடீரென்று அணைந்துபோவதைத் தடுப்பதே நோக்கம்; நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பயனாளர்களுக்கு அது விளங்கச் சொல்லப்படவில்லை. புதிய தொலைபேசியை வாங்கச் செய்யும் சூழ்ச்சி இது என்று உலகமே பேசிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் உண்மையை ஒப்பியது. பின்னர் மன்னிப்புக் கோரி, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 வெள்ளியிலிருந்து 29 வெள்ளியாகக் குறைத்தது. 2018 மார்ச்சில் மின்கலத்தின் நலத்தைக் காட்டும் ஒரு பக்கத்தைத் தொலைபேசியிலேயே அமைத்தது. வேகக் குறைப்பை விரும்பாதவர் அதனை நிறுத்திக்கொள்ளவும் வழி செய்தது. ஒரே ஒரு பக்கம்! அது முன்பே இருந்திருந்தால், அந்நிறுவனம் 2020ஆம் ஆண்டில் 50 கோடி வெள்ளி வரை தருவதாக இணங்க வேண்டிய தேவை எழுந்திருக்குமா?

உலகம் மெல்ல விழித்துக்கொண்டுதான் வருகிறது. வாகன மென்பொருள் புதுப்பிப்புக்கென்றே ஐக்கிய நாடுகள் அமைப்பின்கீழ் 156ஆம் எண் ஒழுங்குவிதி 2020ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புதுப்பிப்பின் நோக்கம் யாது, அதனால் வண்டியின் செயல்களில் நேரும் மாற்றம் யாது என்பவற்றை முன்கூட்டியே பயனாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று அது வகுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நுகர்வோர் சட்டங்களில், மென்பொருளோடு விற்கப்படும் பொருளை விற்ற பின்னும் தக்க நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை விற்றவர்மேல் சுமத்தியுள்ளது. விற்றதோடு உறவு முடிந்தது என்ற பழைய வழக்கு மாறிற்று. உறவு நீளுமாயின் பொறுப்பும் நீளத்தானே வேண்டும்?

இவை கடல்கடந்த நாட்டாரின் கவலை என்று மலேசியரும் சிங்கப்பூரரும் ஒதுங்கியிருக்க இயலாது. மலேசிய அரசு 2022ஆம் ஆண்டில் மின்சார மகிழுந்துகளுக்கு வரிவிலக்கு அளித்தது. 2023 ஜூலையில் டெஸ்லா அங்குத் தன் விற்பனையைத் தொடங்கியது. 2040ஆம் ஆண்டுக்குள் எல்லா வாகனங்களும் தூய ஆற்றலில் ஓட வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்ல ஏறத்தாழ 350 கிலோமீட்டர். நானூறு ஓடும் வண்டிக்கு அது ஒரே மூச்சுப் பயணம். பத்தில் ஒரு பங்கு குறைந்த வண்டிக்கோ, வழியில் நிறுத்தலாமா வேண்டாமா என்ற நெஞ்சிடிப்போடு கூடிய பயணம்.

ஆகவே இவ்வண்டியை வாங்குவோர்க்குச் சில பழக்கங்கள் தேவை. புதுப்பிப்பை ஏற்பதற்கு முன் அதன் விளக்கக் குறிப்பைப் படித்தல் வேண்டும். முழுமையாக ஏற்றும்போது திரை காட்டும் தொலைவை, நாளும் ஓடிய கிலோமீட்டரும் சேர்த்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். எண் திடீரென்று குறைந்தால் உடனே சினம் கொள்ளாமல், ஓரிரு முறை நன்கு இறக்கி முழுமையாக ஏற்றிப் பார்த்தல் வேண்டும். கணக்கின் பிசகாயின் அது சரியாகிவிடக் கூடும். இரும்புப் பாஸ்பேட் வகைக் கலங்களுக்கு வாரம் ஒருமுறை முழு மின்னேற்றம் செய்யுமாறு டெஸ்லா நிறுவனமே கூறுகிறது. ஏனைய வகைகளை நாள்தோறும் உச்சிவரை ஏற்றாதிருத்தல் நலம். இத்தனையும் செய்த பிறகும் ஒரே இரவில் குறைந்த எண் திரும்பவில்லையாயின், குறிப்பேட்டைக் கையில் ஏந்தி விளக்கம் கேட்பது உரிமையாளரின் உரிமை. ஆண்டுக்கணக்கில் மெல்லச் சரியும் எண் முதுமையின் அடையாளம். ஒரே இரவில் படியிறங்கும் எண்ணுக்குப் பின்னால் யாரோ எழுதிய ஒரு கட்டளை இருக்கக் கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தக் குறிப்பேடே.

வள்ளுவர் வணிகரின் அறத்தை 'நடுவு நிலைமை' என்னும் அதிகாரத்தில் வைத்துப் பேசினார். அடுத்தவர் உடைமையைத் தம் உடைமைக்கு நிகராக மதித்து ஒழுகுவதே வணிகம் என்பது அவர் கருத்து. மாற்றார் பொருளைத் தொடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. தன் பொருளைப்போல் எண்ணித் தொடு என்கிறார். மின்சார மகிழுந்தைச் செய்பவர் வாங்கியவரின் வண்டிக்குள் கை நீட்டத்தான் வேண்டும். நீட்டாமல் அதனைக் காக்க இயலாது. தம் வண்டியின் தொலைவைப் பிறர் ஒருவர் இரவோடு இரவாகக் குறைத்தால் அவர் முதலில் என்ன கேட்பார்? ஏன் என்று கேட்பார். எவ்வளவு என்று கேட்பார். எப்போது திரும்பும் என்று கேட்பார். அந்த மூன்று வினாக்களுக்கும் உரிய விடையைப் புதுப்பிப்போடு சேர்த்து அனுப்புவதற்கு மின்கலத்தில் ஒரு துளி ஆற்றலும் செலவாகாது.